கணினியின் காய்ச்சல்

சென்ற கோடையில் நம் விடுதியில் நிகழ்ந்ததொன்றை முதற்கண் கூறுவோம். ஆய்வேடு அளிக்க இரண்டு நாளே எஞ்சியிருந்த மாணவரொருவரின் மடிக்கணினி, அனலெனக் கொதித்து, அரைமணிக்கொருமுறை தானே அணைந்தது. பழுதுபார்ப்பார் ஒருவர், “இதன் காலம் முடிந்தது, புதிது வாங்குக” என்றார். புதிது வாங்கத் தந்தையார் கடன்பட வேண்டும். பின்னர் அறைத்தோழர் ஒருவர் அதன் அடித்தட்டைத் திறந்து நோக்க, விசிறி காற்றை வெளியேற்றும் வாயிலிற் கம்பளித் துண்டுபோற் படிந்திருந்த தூசியே குற்றமெனக் கண்டார். தூசி நீங்கிற்று, காய்ச்சலும் நீங்கிற்று.

வெம்மை நோயன்று, நோயின் குறியேயாம். குறியைக் கண்ட அளவில் கருவியைத் தள்ளிவிடுதல் கற்றார்க்கு அழகன்று என்பது நம் கருத்து.

பிராசஸர் கொள்ளும் மின்னாற்றல் ஏறக்குறைய முழுதும் வெப்பமாக மாறுகின்றது. அவ்வெப்பம் மெல்லிய பசையொன்றின் வழியே செப்புக் குழாயை அடையும். குழாயினுள் உள்ள சிறிதளவு நீர்மம் ஆவியாகி, மறுமுனையிற் குளிர்ந்து, வெப்பத்தை உலோகத் தகடுகளிற் சேர்க்கும். விசிறி அதனை வெளியே ஊதும். இவற்றுள் ஒன்று தவறினும் வெப்பம் தேங்கும். பல பிராசஸர்கள் 100 பாகை செல்சியஸை அணுகுங்கால், தம்மைக் காக்கும்பொருட்டுத் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். இம்மந்தத்தை முதுமையென மயங்கிப் பொருளிழப்பார் பலர்.

ஆதலின் மூலத்தை ஆராயும் முறை யாது? முதலாவது, கணினி இருக்கும் இடத்தை நோக்குக. பெயர் மடிக்கணினியாயினும், மடியும் மெத்தையும் அதற்கு ஏற்ற இருக்கையல்ல. அடியிலுள்ள காற்றுத் துளைகளை அவை அடைத்துவிடும். இரண்டாவது, நாம் ஏவாத நிரல் ஏதேனும் மறைவில் உழைக்கின்றதோவென டாஸ்க் மேனேஜரிற் காண்க. மூன்றாவது, காற்று வெளிப்படும் வாயிலில் உள்ளங்கையை வைத்துப் பார்க்க. விசிறி இரைந்தும் காற்று குன்றியிருப்பின் தூசியை ஐயுறுக. கணினி கொதித்தும் விசிறி அசைவற்றிருப்பின் விசிறியே பழுதாகும். காற்று நன்கு வீசியும் வெம்மையின்றியிருக்க, உள்ளே பிராசஸர் மட்டும் கொதிக்குமாயின், வெப்பம் தகடுகளை அடையவில்லை. பசை உலர்ந்திருத்தல் கூடும்.

“மாணவர் திறந்து பார்க்கப் புகின் உள்ளதையும் கெடுப்பர்” என்பார் உளர். அவ்வச்சம் முற்றும் பொய்யன்று. மின்னிணைப்பை நீக்காமலும், பாட்டரியைக் கழற்றாமலும் உள்ளே கைவைத்தல் தவறு. விசிறியை விரலாற் பிடித்துக்கொள்ளாது காற்றடித்தால், அது மிகைவேகத்திற் சுழன்று கெடும். பாட்டரி வீங்கியிருப்பின் அதனை அழுத்தாமலும் குத்தாமலும் வல்லாரிடம் ஒப்புவித்தலே தக்கது. உத்தரவாதக் காலம் முடியாத கணினியைத் திறவாதிருத்தல் நலம். எனினும், அறியாமையால் வரும் கேட்டிற்கு மருந்து கற்பித்தலேயன்றி விலக்குதலன்று.

வெப்பம் கடத்தப்படும் விதியைப் பௌதிக வகுப்பிற் பிழையறக் கற்று, தேர்விற் பிழையற எழுதி, நம் மேசைமீது அவ்விதியே முறையிடுங்கால் செவிசாய்க்காதிருத்தல் என்ன கல்வி? ஒவ்வொரு பருவத்திலும் ஒரு பிற்பகலைப் பௌதிகத் துறையார் இப்பணிக்கு ஒதுக்குவாராக. திருகுளியும் தூரிகையும் பசையும் சோதனைச்சாலையில் வைக்கப்படுக. மூத்தோர் இளையோர்க்குக் காட்டுக. இத்தொழிலில் தேர்ந்த பழைய மாணவர் வந்து வழிநடத்துக. ஓர் ஏழைத் தந்தையின் கடன் அதனால் தவிருமாயின், அப்பிற்பகல் வீண்போயிற்றென்று எவரும் கூறார்.