டாட்டா காட்டிவிட்டுப் போகும் டீச்சர்

ஆசிரியர் பயிற்சி படிக்கும் வெளிநாட்டு மாணவர்கள் சில வாரக் கற்பித்தல் பயிற்சிக்காகத் தமிழ்நாட்டுக்கு வருகிறார்கள். தொண்டு நிறுவனங்கள் வழியாக நம் சேரிகளின் மாலை வகுப்புகளுக்கும் அவர்கள் வந்து பாடம் நடத்துவதைப் பார்த்திருக்கிறோம். கடைசி நாள் எப்படி நடக்கும் என்பதும் நமக்குத் தெரியும். மாலை, சால்வை, கேக், குரூப் போட்டோ. பிள்ளைகள் அழுவார்கள், டீச்சரும் அழுவார். மறுநாள் அந்தப் போட்டோ 'தீண்டத்தகாத குழந்தைகளுடன்' என்ற வரியோடு இணையத்தில் ஏறிவிடும்.

"இது வெள்ளைக்காரச் சுற்றுலா" என்று தோழர்கள் சிலர் கிண்டல் செய்கிறார்கள். பாதி சரிதான். ஆனால் அந்தப் பிள்ளைகளின் அழுகையைக் கிண்டல் செய்ய நாங்கள் தயாராக இல்லை. ஆறு வாரத்தில் கற்றுக்கொண்ட இங்கிலீஷ் பாட்டுக்காகவா அழுகிறார்கள்? அந்த டீச்சர் அவர்கள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். மூக்கு ஒழுகினால் துடைத்துவிட்டார். நோட்டைக் கைக்குக் கை வாங்கினார், மேசையில் வைத்துவிட்டுத் தள்ளி நில் என்று சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். "நீ எந்தத் தெரு?" என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பதிலை வைத்து என்ன கணக்குப் போடுவது என்று அவருக்குத் தெரியாது.

அவர் விமானம் ஏறிய பிறகு அந்தப் பிள்ளை என்ன நினைக்கும்? நம்மைத் தொட்டுப் பேசுகிறவர்கள் எங்கிருந்தோ வருவார்கள், போய்விடுவார்கள். இங்கே இருக்கிறவர்கள் இப்படித்தான் இருப்பார்கள் என்று நினைக்கும். எங்களை உறுத்துவது இதுதான். போகிறவரைத் திட்டுவது சுலபம். இருக்கிறவர்களைத்தான் நாம் கேட்க வேண்டும்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் பள்ளி மாணவர்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. டிவி விவாதங்களில் கையில் கட்டும் கயிற்றைப் பற்றியே பேசித் தீர்த்தார்கள். ஒரு பகுதியில் பெரும்பான்மையாக உள்ள சாதியைச் சேர்ந்தவரை அங்கேயே தலைமை ஆசிரியராகப் போடக் கூடாது, ஆசிரியர்களைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை இடம் மாற்ற வேண்டும் என்றும் அதே அறிக்கை சொல்கிறது. அதைப் பற்றி எத்தனை பேர் பேசினார்கள்?

வெளிநாட்டு ஆசிரியர் என்றாலே வீண் என்று நாங்கள் சொல்லவில்லை. அமெரிக்காவிலிருந்து 1827இல் பம்பாய்க்கு வந்த சிந்தியா ஃபரார் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிகள் நடத்தி, 1862இல் அகமத்நகரிலேயே இறந்தார். மதம் பரப்ப வந்தவர்தான், அது தனிக் கதை. ஆனால் சாவித்திரிபாய் புலே அவரிடம் ஆசிரியர் பயிற்சி பெற்றார். ஆறு வாரத்துக்கு வருகிற மாணவியை 35 வருடம் தங்கச் சொல்ல முடியாது. உள்ளூரில் ஒரு ஆசிரியரைப் பலப்படுத்திவிட்டுப் போகச் சொல்லலாம்.

ஆகவே இவர்களை அழைத்து வருகிற அமைப்புகளில் வேலை செய்யும் தோழர்களே, டீச்சர் கிளம்பும் தேதியை முதல் வாரமே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். "திரும்பி வருவேன்" என்ற பொய்யை யாரும் சொல்ல வேண்டாம். பெற்றோர் சம்மதம் இல்லாமல் ஒரு போட்டோகூட வெளியே போகக் கூடாது. எந்தப் பிள்ளை எழுத்துக் கூட்டிப் படிக்கிறது, எது வகுத்தலில் தடுமாறுகிறது என்று எழுதி வாங்கி, தினமும் மாலை வகுப்பு எடுக்கும் அதே தெருப் பெண்ணிடம் கொடுங்கள். பி.எட். முடித்துவிட்டுச் சொற்பச் சம்பளத்தில் வருடக்கணக்காகச் சொல்லிக்கொடுப்பவர் அவர். அந்தக் குரூப் போட்டோ எதிலும் அவர் இருக்க மாட்டார், எடுத்ததே அவர்தான்.

அடுத்த விடைபெறும் விழாவில் போனை நீங்கள் வாங்கிக்கொண்டு அவரை நடுவில் உட்கார வையுங்கள். ஊர்ப் பள்ளித் தலைமை ஆசிரியருக்கும் ஒரு அழைப்பு கொடுங்கள். சேரிக்குள் வந்து, பிள்ளைகளோடு உட்கார்ந்து அந்தக் கேக்கைச் சாப்பிடட்டும். வருகிறாரா பார்ப்போம்.