192.168-ம் எங்க ஊர் புதுப்பட்டியும்

தமிழ்நாட்டுல புதுப்பட்டிங்கிற பேர்ல எத்தனை ஊர் இருக்குன்னு எண்ணி மாளாது. வத்திராயிருப்பு பக்கத்துல இருக்கிற எங்க ஊருக்கு முன்னால 'வ.' ஒட்டியிருக்கு பாருங்க, அதோட உபயோகம் இங்கதான். ஊருக்குள்ள வெறும் புதுப்பட்டி போதும். வெளியூர்லேர்ந்து லெட்டர் வரணும்னா 'வ.' வேணும், பின்கோடும் வேணும்.

வீட்டு நெட்வொர்க்ல பார்க்கிற 192.168.1.5 மாதிரி எண்கள் இந்த வெறும் புதுப்பட்டி கேஸ்தான். 10-ல ஆரம்பிக்கிறது, 172.16 முதல் 172.31 வரை, அப்புறம் 192.168. இந்த மூணு தொகுதியையும் யார் வேணா வீட்டுக்குள்ள வெச்சுக்கலாம்னு 1996-லயே ஆர்.எஃப்.சி. 1918 சொல்லிடுச்சு. அதே 192.168.1.5 ராஜபாளையத்துலயும் இருக்கும், டொரண்டோவுலயும் இருக்கும். வெளிய போறப்ப ரூட்டர் வேற முகவரி போட்டு அனுப்பிடும்.

169.254-ல ஆரம்பிச்சா அது வேற ரகம். ரூட்டர்கிட்ட முகவரி கேட்டு, பதிலே வராம, கம்ப்யூட்டர் தானா ஒண்ணை வெச்சுக்கிச்சுன்னு அர்த்தம். இதை வெச்சு பக்கத்து லேப்டாப்போட பேசலாம். ரூட்டரைத் தாண்ட முடியாது. (எஃப்.இ.80-ன்னு நீளமா ஒண்ணு தெரிஞ்சா பயப்படாதீங்க. அது ஐ.பி.வி.6-ல எப்பவும் இருக்கிறதுதான்.)

இப்ப விஷயத்துக்கு வரேன். நம்ம பக்கம் நெட் போனா உடனே கனெக்‌ஷன்காரருக்குத்தான் போன். அவர் ஸ்ரீவில்லிபுத்தூர்லேர்ந்து ரெண்டு நாள் கழிச்சு வந்து, கழண்டு கிடந்த வயரைச் சொருகிட்டுப் போவார். அந்த ரெண்டு நாள்லதான் வீட்டுப் பொண்ணு இன்ஜினியரிங் கவுன்சலிங் சாய்ஸ் லாக் பண்ணணும்னா? பிரவுசிங் சென்டர் தேடி அலைய வேண்டியதுதான்.

கனெக்‌ஷன் கொடுக்கிறவங்க ரூட்டர் மேல தமிழ்ல ஒரு ஸ்டிக்கர் ஒட்டிட்டுப் போகணும்ங்கிறது என் கட்சி. ரெண்டே வரி போதும்:

169.254 வந்தா: வயர், வைஃபை பாருங்க, ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க.
192.168 வந்தும் நெட் இல்லைன்னா: எங்களைக் கூப்பிடுங்க.

முதல் வரின்னா தகராறு பெரும்பாலும் வீட்டுக்குள்ள. ரெண்டாவதுன்னா ரூட்டர்லயோ அதுக்கு அந்தப் பக்கமோ.

"ஜனங்களுக்கு இதெல்லாம் புரியாது சார்"னு சொல்வாங்க. கேஸ் சிலிண்டர் மாத்துறப்ப வாஷர் இருக்கான்னு பார்க்கத் தெரிஞ்ச நம்ம அம்மாக்களுக்கு முதல் மூணு இலக்கம் பார்க்கத் தெரியாதா என்ன? சொல்லிக் கொடுக்கத்தான் ஆள் இல்லை :-)

ஸ்டிக்கர் வர்ற வரைக்கும் காத்திருக்க வேணாம் மக்கா. அடுத்த தடவை ஊருக்குப் போறப்ப நீங்களே ஒரு சீட்டுல எழுதி ஒட்டிட்டு வாங்க.