பந்தலின் பொய்க்கணக்கு

"சொந்தமாச் செஞ்சா பாதி செலவுதான் சார்!"

ஓய்வு நேரத்தில் மரவேலை பழகுகிற யாரைக் கேட்டாலும் முதலில் வந்து விழுகிற வசனம் இது. வாசல் கேட்டுக்கு மேலே முல்லை படர மரத்தில் ஒரு பந்தல். நாலு கால், இரண்டு உத்தரம், மேலே வரிசையாகச் சட்டம், கொடி ஏற இரண்டு பக்கமும் ரீப்பர் கட்டம். ஆசாரி கேட்ட கூலியைச் சொல்லி 'உச்' கொட்டிவிட்டுத் தன் பில்லை எடுத்து நீட்டுவார். பில்லில் மரம் இருக்கும், ஸ்க்ரூ இருக்கும், வார்னிஷ் இருக்கும். அவ்வளவுதான்.

டிரில் மெஷின் எங்கே? வட்ட ரம்பம் எங்கே? "அதெல்லாம் மூலதனச் செலவு, பத்து வருஷம் உழைக்கும்" என்பார். ரொம்ப நல்லது, அப்படியானால் தேய்மானம் எங்கே? பத்து வருஷத்தில் பத்துப் பந்தல் போட்டால் பத்தில் ஒரு பங்கை இந்தப் பந்தலில் எழுதலாம். ஆனால் அவர் ஆயுசுக்கும் போடப்போவது ஒரே ஒரு பந்தல். (இரண்டாவதுக்கு வீட்டில் அனுமதி கிடைக்காது :-)) ஆக மெஷினின் முழு விலையும் அந்த நாலு கால்களின் தலையில்தான் விடியும். தப்பாக அறுத்து மாடிப்படிக்கு அடியில் ஒளித்து வைத்த துண்டுகளும் கணக்கில் இல்லை. ஆறு ஞாயிற்றுக்கிழமைகளும் இல்லை. முதல் வருஷ பி.காம். மாணவன் இப்படி ஒரு கணக்கை எழுதினால் பேப்பரைத் திருப்பி முகத்தில் எறிவார்கள்.

போகட்டும், ஒரு மனிதர் ஆசைப்பட்டு ஏதோ செய்கிறார், பெருமைக்கு ஒரு பொய் சொல்கிறார், உங்களுக்கு என்னய்யா வந்தது என்று கேட்கலாம். இந்தப் பொய் பில்லோடு நின்றால் யாருக்கும் ஒன்றும் வராது. அது மரத்துக்குள் இறங்கிவிடுகிறது, பிரச்சினை அங்கேதான். பாதி செலவில் முடிப்பதாகச் சவால் விட்டவர் எங்காவது மிச்சம் பிடித்தே ஆக வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் பிடிக்க மனசு வராது. மேலே சட்டத்தின் முனையை ஜிக்சாவில் வளைத்து வளைத்து அறுத்திருப்பார், உப்புத்தாள் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்கியிருப்பார். கை வைப்பது காலில். அதுவும் மண்ணுக்குள் போகிற காலில்.

பந்தல் சாவதும் அங்கேதான்.

முழுக்க உலர்ந்து நிற்கிற மரம் மக்காது. முழுக்கத் தண்ணீருக்குள் கிடக்கிற மரமும் சீக்கிரம் மக்காது. ஈரமும் காற்றும் ஒன்றாகக் கிடைக்கிற இடம்தான் ஆபத்து. ஒரு தூணில் அப்படிப்பட்ட இடம் மண்மட்டத்தை ஒட்டி மேலும் கீழும் ஒரு சாண். மரத்தில் ஈரம் சுமார் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சைக்கு அங்கே பிழைப்பில்லை. முல்லைக்குத் தினமும் குடம் குடமாக ஊற்றுகிற பாத்தி ஓரத்தில் 20 சதவீதமா? அதற்குமேல் கரையான் வேறு, அழைப்பிதழே வேண்டாம்.

"நான்தான் கான்கிரீட் போட்டிருக்கேனே" என்பார் அடுத்தவர். கட்டை உலர்ந்தால் குறுக்குவாட்டில் சுருங்கும், கான்கிரீட் அதோடு சேர்ந்து சுருங்காது. நடுவில் நூல் அளவு இடைவெளி விழும். மழைத்தண்ணீர் அதில் இறங்கும், திரும்பி வர வழி இருக்காது. டம்ளருக்குள் கட்டையை நட்டுவைத்த கதை.

மரத்திலும் இதே மிச்சம்தான். நாலு அங்குலச் சதுரம், எட்டடி நீளம் என்றால் ஒரு கால் ஏறக்குறைய 0.89 கன அடி. நாலு காலும் சேர்ந்து மூன்றரைக் கன அடியைக் கொஞ்சம் தாண்டும். இந்த மூன்றரைக் கன அடியில்தான் சிக்கனம்! தேக்கு என்று சொல்லி இளந்தேக்கை வாங்குவார். அதில் வைரம் கொஞ்சம், ஓரத்து வெள்ளைக் கட்டை அதிகம். கரையானுக்கு அசல் தேக்கின் வெள்ளையும் பலகாரம்தான். இன்னும் கெட்டிக்காரர்கள் பேக்கிங் பெட்டிப் பைன் கட்டையைப் பிடித்துவருகிறார்கள். அதில் 'எச்.டி.' என்று முத்திரை குத்தியிருப்பதைக் காட்டி "மருந்து ஏத்துன மரம்" என்கிறார்கள். ஐயா, அது மருந்து இல்லை. கட்டையின் உள்மையம் வரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிஷம் சூடுபடுத்தியதற்கான அடையாளம். அப்போது உள்ளே இருந்த பூச்சி செத்தது. நாளைக்கு உங்கள் வீட்டுக் கரையானை அது ஒன்றும் செய்யாது.

இணையத்தில் கிடைக்கிற அமெரிக்க வரைபடங்களும் இப்படித்தான் ஏமாற்றும். அங்கே 'நாலுக்கு நாலு' என்று விற்கிற கட்டை உண்மையில் மூன்றரை அங்குலம்தான். அதை மண்ணில் நடச் சொல்கிற வரைபடம் அழுத்தத்தில் மருந்து ஏற்றிய மரத்தை மனசில் வைத்துப் போட்டது. மரத்தை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் இறக்குமதி செய்தால் எப்படி?

பழைய வீட்டுத் திண்ணைத் தூணைப் பார்த்தாலே விடை கிடைக்கும். தூண் மரம், அடியில் கல். மரத்தின் கால் மண்ணைத் தொடாது. கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைப் பந்தலுக்குக் கல்தூண் நடுகிறவர்களும் இந்த விஷயம் தெரியாதவர்கள் இல்லை. கல் கிடைக்காவிட்டால் வெல்டிங் பட்டறையில் கனத்த பட்டையில் நாலு இரும்புச் செருப்பு செய்து, துரு பிடிக்காமல் முலாம் போட்டு, கான்கிரீட்டில் பதித்து, மரம் தரையிலிருந்து இரண்டு அங்குலம் மேலே நிற்கும்படி போல்ட் போடலாம். ஆனால் செருப்பில் நிற்கிற கால் மண்ணில் ஊன்றிய கால் மாதிரி பக்கவாட்டில் விறைப்பாக நிற்காது. உத்தரத்துக்கும் காலுக்கும் நடுவே மூலைக்கு மூலை சாய்வாக முட்டு கொடுத்தாக வேண்டும். "அழகு கெடுகிறது" என்று முதலில் தூக்கி எறியப்படுவது அந்த முட்டுதான்.

முல்லை மூன்று வருஷம் படர்ந்தபின் அது வெறும் சட்டம் இல்லை, ஈரத்தில் நனைந்து கனக்கிற ஒரு பாய்மரம். ஐப்பசிக் காற்று ஒரு தள்ளு தள்ளும். கீழே யார் நிற்பார்கள்? கேட்டைத் திறந்துகொண்டு பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளை, பால் ஊற்ற வருகிறவர், போஸ்ட்மேன். உத்தரத்தில் கயிறு போட்டு ஊஞ்சலாடாத குழந்தையும் உலகத்தில் கிடையாது. மிச்சம் பிடித்தவர் உள்ளே டி.வி. பார்த்துக்கொண்டிருப்பார்.

சினிமாவுக்குப் போகிறவர் யாரும் "வீட்டில் இருந்தால் கரண்ட் செலவு, ஆக எனக்கு லாபம்" என்று கணக்குக் காட்டுவதில்லை. பிடித்திருக்கிறது, போகிறார், டிக்கெட் எடுக்கிறார். மரவேலைக்காரர் மட்டும் ஏன் இப்படிக் கூச்சப்பட வேண்டும்? "ஆசாரி கூலியைவிட எனக்கு அதிகம் ஆயிற்று, ஆசைக்குச் செய்தேன்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லட்டும். அப்படிச் சொல்லத் துணிந்தவருக்கு வைரக் கட்டைக்கும் முட்டுக்கும் போல்ட்டுக்கும் பணம் எடுக்கக் கை நடுங்காது.

முதலில் வெல்டிங் பட்டறையில் அளவு கொடுத்துவிட்டு வரட்டும். மரக்கடை அதற்கப்புறம். டிரில் மெஷினைப் பக்கத்து வீட்டில் இரவல் கேட்டுக்கொள்ளலாம்.