வரி கட்டத் தேவையில்லாதவர்கள் ஏன் வரிசையில் நிற்கிறார்கள்?

வருமான வரி என்றதும் நம் நினைவுக்கு வருபவை கொழும்பின் பெரிய கம்பனிகள். அடுத்து மருத்துவர்கள், பொறியியலாளர்கள். நாவலப்பிட்டியில் தனியாகக் கணக்கெழுதி, வரிப் படிவம் தயாரித்துப் பிழைக்கும் எனக்கு அண்மைக் காலத்தில் வரும் அலுவல்களில் பெரும்பகுதி அவர்களுடையதல்ல. சேமலாப நிதி எடுத்த தோட்டத் தொழிலாளர்கள் வருகிறார்கள். மத்திய கிழக்கில் வீட்டுவேலை செய்து திரும்பிய பெண்களும், கணவனை இழந்தவர்களும், சில்லறைக் கடைக்காரர்களும் வருகிறார்கள். இவர்களில் பெரும்பாலானோர் ஒரு ரூபாவும் வருமான வரி கட்டக் கடமைப்பட்டவர்கள் அல்லர். கட்டத் தேவையில்லை என்று நிரூபிப்பதற்காகத்தான் வருகிறார்கள்.

நாட்டின் புதிய வரி ஒழுங்கைப் புரிந்துகொள்ள இந்த முரண் ஒன்றே போதும். அரசு வலையை அகல விரித்துவிட்டது. வலையில் சிக்கத் தேவையில்லாதவர் தன் செலவில், தனக்குத் தெரியாத மொழியில், தானாகவே வெளியே வரவேண்டும். அப்படி வர முடியாதவரின் பணம் உள்ளேயே தங்கிவிடுகிறது.

எப்படி இங்கு வந்தோம்?

2020 ஜனவரியில் தனிநபர் வரிவிலக்கு எல்லை வருடத்துக்கு 5 லட்சம் ரூபாவிலிருந்து 30 லட்சமாக உயர்த்தப்பட்டது. பெறுமதி சேர் வரி 8 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அரச வருமானம் சரிந்தது. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் கடன் திட்டம் கிடைத்தது. அதன் முக்கிய நிபந்தனைகளில் ஒன்று வரி வருமானத்தைக் கூட்டுவது.

அதற்கு முன்னரே, 2023 ஜனவரியில் விலக்கு எல்லை 12 லட்சமாக இறக்கப்பட்டிருந்தது. பெறுமதி சேர் வரி படிப்படியாக ஏறி 2024 ஜனவரியில் 18 சதவீதமானது. 18 வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் பதிந்து வரி அடையாள இலக்கம், அதாவது 'டின் நம்பர்', எடுக்க வேண்டும் என்ற அறிவிப்பும் அக்காலத்தில் வந்தது. 2024 தொடக்கத்தில் 50,000 ரூபா தண்டம் பற்றிய செய்தி பரவியபோது எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் ஏற்பட்ட பதற்றம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

2025 ஏப்ரல் 1 முதல் விலக்கு எல்லை 18 லட்சமாக, அதாவது மாதம் ஒன்றரை லட்சமாக, உயர்ந்தது. இது நல்ல செய்தி. ஆனால் அதே நாளில் வைப்புகளுக்கான வட்டியில் வங்கி பிடிக்கும் நிறுத்திவைத்தல் வரி 5 சதவீதத்திலிருந்து 10 சதவீதமானது. வங்கிக்கு நீங்கள் ஏழையா, பணக்காரரா என்பது தெரியாது. தெரிவிக்காவிட்டால் எல்லோரிடமும் பிடிக்கும்.

எட்டாயிரம் ரூபாவின் கதை

ஒரு கணக்கைப் பார்ப்போம். முப்பது வருடம் கொழுந்து பறித்த பெண் ஒருவர் ஓய்வுபெற்று, கிடைத்த பணத்தில் 10 லட்சம் ரூபாவை நிலையான வைப்பில் இடுகிறார். வட்டி 8 சதவீதம் என்று வைத்தால் வருடத்துக்கு 80,000 ரூபா. அதில் 8,000 ரூபா வரியாகப் போகிறது. அவருக்கு வேறு வருமானம் இல்லையென்றால், அவருடைய ஆண்டு வருமானம் விலக்கு எல்லையின் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. 2024இல் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அந்தக் கணக்கில் 8,000 ரூபா என்பது கிட்டத்தட்ட ஆறு நாள் உழைப்பு.

இதே 10 சதவீதம் வசதி படைத்தவருக்கு ஒரு முற்பணம் மட்டுமே. அவருடைய வரி 36 சதவீதம் வரை போகும்; வங்கி பிடித்ததை அதில் கழித்துக்கொள்வார். அதைச் செய்ய அவருக்குக் கணக்காளர் இருக்கிறார். வரியே இல்லாதவருக்குக் கழிப்பதற்கு எதுவும் இல்லை. அவர் கேட்டு வாங்காவிட்டால் அது இழப்பு.

வழி இல்லாமல் இல்லை. ஆண்டு வருமானம் 18 லட்சத்தைத் தாண்டாத உள்நாட்டு வதிவாளர் ஒருவர் வங்கியில் சுயபிரகடனம் கொடுத்தால் வட்டியில் வரி பிடிக்கமாட்டார்கள். ஆனால் அதற்கு டின் இலக்கம் வேண்டும். இரண்டு வங்கிகளில் பணம் இருந்தால் இரண்டிலும் கொடுக்கவேண்டும். மதிப்பீட்டு ஆண்டு ஏப்ரல் 1இல் தொடங்கி மார்ச் 31இல் முடிவதால் ஒவ்வொரு ஆண்டும் புதிதாகக் கொடுக்கவேண்டும். தவறவிட்டால் வருமான விபரத்திரட்டுத் தாக்கல் செய்து மீளளிப்புக் கோரலாம். எட்டாயிரத்துக்காக அந்தப் பாதையில் எத்தனை பேர் நடப்பார்கள்? கண்டியிலுள்ள பிராந்திய அலுவலகத்துக்கு இரண்டு தடவை போய்வரும் செலவையும், இழக்கும் நாட்கூலியையும், உதவிக்கு வருபவரின் சாப்பாட்டையும் கழித்துப் பாருங்கள்.

படிவம் எந்த மொழியில்?

அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தெளிவாகவே சொல்கிறது. சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பிரதேசத்திலும் தமிழ் பேசும் ஒருவர் அரச அதிகாரியோடு தமிழில் தொடர்புகொள்ளவும், தமிழில் பதில் பெறவும் உரித்துடையவர். நாட்டின் எந்த மூலையிலும் அந்த உரிமை அவருக்கு உண்டு. கவுண்டரில் நிற்பவருக்கு அது எட்டுவதில்லை. கிடைக்கும் தாளில்தான் கையெழுத்து வைக்கிறார்.

இன்னொரு சிக்கல் பெயர். தோட்டத்தில் பிறந்தவரின் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், சிங்களத்தில் மட்டும் எழுதப்பட்ட பழைய அடையாள அட்டையில் அதன் இன்னொரு வடிவம், வங்கிப் புத்தகத்தில் ஆங்கிலத்தில் மூன்றாவது வடிவம். பழனியம்மா ஒரு இடத்தில் பலனியம்மா. இன்னொரு இடத்தில் தகப்பன் பெயர் முன்னால் வந்து நிற்கும். இணையவழிப் பதிவு இதைச் சகிக்காது. எனவே எங்களிடம் வரும் அலுவலில் பாதி வரிக் கணக்கே அல்ல. பெயரைப் பொருத்தும் வேலை. கிராம உத்தியோகத்தரிடம் உறுதிப்படுத்தல் கடிதம் எடுப்பதும், வங்கியில் பெயரைத் திருத்தச் சொல்லிக் கெஞ்சுவதும் இதில் அடங்கும்.

பதிவு என்ற சொல்

"தம்பி, பேர எழுதிக்கிட்டாங்கன்னா நாளைக்கு அஸ்வெசும காச வெட்டிருவாங்களா?" இந்தக் கேள்வியை நான் கேட்காத வாரமில்லை. டின் எடுப்பதும் வரி கட்டுவதும் ஒன்றல்ல என்று சொல்கிறேன். வருமானம் எல்லையைத் தாண்டினால்தான் வரி என்றும் சொல்கிறேன். தலையாட்டுகிறார்கள், ஆனால் முகத்தில் நம்பிக்கை வருவதில்லை.

அந்த அவநம்பிக்கையை அறியாமை என்று ஒதுக்க எனக்கு மனம் வருவதில்லை. 1948 குடியுரிமைச் சட்டத்துக்குப் பின் இந்த மக்களுக்குப் பெயர்ப் பதிவு என்பது நாட்டில் இருப்பதா, கப்பல் ஏறுவதா என்ற கேள்வியாக இருந்தது. 1983 ஜூலையில் கொழும்பில் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடியதைப் பற்றிப் பல பதிவுகள் உள்ளன. அந்த வன்முறை கண்டிக்கும் கம்பளைக்கும் வந்தது. போர்க்காலம் முழுதும் பொலிஸ் பதிவு, வீட்டுப் பதிவு, முகாம் பதிவு என்று போனது. 1977க்கும் 1983க்கும் பின் இங்கிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் குடியேறிய உறவினர்கள் தொலைபேசியில் என்னிடம் கேட்பதும் இதே கேள்விதான்: "இத எதுக்கு எடுக்கச் சொல்றாங்க?" விளக்கம் கொடுக்க வேண்டிய அரசு அபராதத்தை மட்டும் அறிவித்தது. விளக்கும் வேலை எங்கள் தலையில் விழுந்தது.

அவர்களிடமிருந்து வரும் வேறு சில கேள்விகளுக்குப் படிவத்தில் இடமே இல்லை. காணாமலாக்கப்பட்ட கணவனின் பெயரில் வைப்பு இருந்தால் யார் கையெழுத்திடுவது? 2016இல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 'காணப்படாமைச் சான்றிதழ்' இதற்கு ஒரு தொடக்கம். ஆனால் அதைப் பெறுவதையே பல குடும்பங்கள் மரணத்தை ஒப்புக்கொள்வதற்குச் சமமாக நினைக்கின்றன. ஒரு வங்கிக் கையெழுத்துக்காக அவர்களை அந்த இடத்துக்குத் தள்ளும் உரிமை எனக்கு இல்லை.

எங்கள் பக்கத்துக் கேள்விகள்

இந்தத் தொழிலில் இருப்பவர்கள் நாள்தோறும் சந்திக்கும் சில கேள்விகளையும் வெளிப்படையாகப் பேசவேண்டும்.

முதலாவது கடவுச்சொல். திணைக்களத்தின் 'ரமிஸ்' இணைய முறைமைக்குள் போகத் தொலைபேசி இலக்கமும் மின்னஞ்சலும் தேவை. மின்னஞ்சல் இல்லாதவருக்குத் தொடர்பாடல் கடைக்காரர் தன் மின்னஞ்சலையே போட்டுவிடுகிறார். பிறகு வரும் அறிவித்தல் எல்லாம் கடைக்காரருக்குப் போகிறது. கடை மூடினால் அந்த மனிதரின் வரிக் கோப்பே தொலைந்த மாதிரி. நான் பிள்ளை அல்லது பேரப்பிள்ளையின் இலக்கத்தைக் கேட்டு, விபரங்களைத் தாளில் எழுதி அவர்கள் கையிலேயே கொடுக்கிறேன். நேரம் கூடப் போகும், வேறு வழியில்லை.

இரண்டாவது கட்டணம். டின் பதிவுக்குத் திணைக்களம் பணம் வாங்குவதில்லை. சுயபிரகடனத்தால் ஒருவருக்கு மிச்சமாவது சில ஆயிரம். அதில் நாங்கள் எவ்வளவு எடுப்பது? வியாபாரிகளின் கணக்கில் உழைத்து, இவர்களுக்குச் சும்மா செய்துகொடுப்பதே என் வழக்கம். எல்லோராலும் அது முடியாது. மீளளிப்பில் பங்கு கேட்கும் பழக்கம் மட்டும் இந்தத் தொழிலுக்குள் வரவே கூடாது.

மூன்றாவது உண்மை. "வீட்டு வாடகையை எழுதாதீங்க" என்பவருக்கு நான் சொல்லும் பதில் ஒன்றுதான்: பிரகடனம் உங்கள் பெயரில் போகிறது, பொய்ப் பிரகடனம் குற்றம். அதேவேளை, இல்லாத பயத்தையும் போக்கவேண்டும். வெளிநாட்டிலுள்ள பிள்ளை வீட்டுச் செலவுக்கு அனுப்பும் பணம் உங்கள் உழைப்பு வருமானமல்ல. அதை வைப்பில் இட்டால் வரும் வட்டி வருமானம். இங்கிருந்தபடி வெளிநாட்டு நிறுவனத்துக்கு இணையவழி வேலை செய்து ஈட்டுவது 2025 ஏப்ரல் முதல் வரிக்குட்பட்டது. உச்ச வீதம் 15 சதவீதம். மூன்றும் ஒரே வங்கிப் புத்தகத்தில் வந்தால் எது எது என்று காட்ட ஆவணம் வேண்டும்.

நான்காவது அந்த ஆவணங்கள்தான். வரிப் பதிவுகளை ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது கண்டி மாவட்டம் மிக மோசமாக அடிபட்டது. கம்பளை நகரம் வெள்ளத்தில் மூழ்கியது. விபரத்திரட்டுக்கான இறுதி நாளான நவம்பர் 30உம் அதே வாரத்தில்தான். 2009இல் வன்னியிலிருந்து உடுத்த துணியோடு வெளியேறியவர்களுக்குத் தாள் இல்லாத மனிதனின் நிலை புதிதல்ல. அதனால்தான் வருபவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: வங்கிச் சான்றிதழையும் பற்றுச்சீட்டையும் கைத்தொலைபேசியில் படம் எடுத்து, வெளியூரில் உள்ள ஒருவருக்கும் அனுப்பிவையுங்கள்.

கடைக்காரர்களின் கேள்வி வேறு. பெறுமதி சேர் வரிக்குப் பதிவதற்கான ஆண்டு விற்பனை எல்லையை 6 கோடியிலிருந்து 3 கோடி 60 லட்சமாகக் குறைக்க 2026ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் முன்மொழியப்பட்டது. அது மாதம் 30 லட்சம், நாளைக்கு ஏறக்குறைய ஒரு லட்சம். இது இலாபமல்ல, வரிக்குட்பட்ட பொருட்களின் விற்பனை. நெருக்கமான இலாபத்தில் ஓடும் ஒரு பலசரக்குக் கடைக்கு இது எட்டாத தொகை அல்ல. இன்றிலிருந்தே வரிக்குட்பட்ட பொருளையும் விலக்களிக்கப்பட்ட பொருளையும் பிரித்து எழுதிப் பழகுவது நல்லது.

என்ன செய்யலாம்?

இந்தியா 2006இல் வரி விபரத்திரட்டுத் தயாரிப்பாளர் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. பட்டதாரிகளுக்குப் பயிற்சியும் அடையாள எண்ணும் கொடுத்து, சிறு வரிசெலுத்துநர்களுக்கு உதவ அனுப்பியது. கனடாவில் குறைந்த வருமானம் உள்ளவர்களுக்குத் தொண்டர்கள் இலவசமாக வரிப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் சமூகத் திட்டம் பல பத்தாண்டுகளாக நடக்கிறது. அங்குள்ள நம் உறவுகள் பலருக்கும் அது தெரிந்த விடயம்.

இங்கு அதைவிடக் குறைந்த செலவில் தொடங்கலாம். மலையகத்திலும் வடகிழக்கிலும் தமிழ் தெரிந்த இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஏப்ரல், மே மாதங்களில் பிரதேச செயலகங்களில் ஒரு மேசை போடலாம். முதியவர்களின் சிறிய வைப்புகளுக்கு ஒருமுறை கொடுத்த பிரகடனம், மாற்றம் இருந்தால் மட்டும் புதுப்பித்தால் போதும் என்று ஆக்கலாம். அஸ்வெசும பெறுபவர் வறியவர் என்று அரசே முடிவு செய்த பிறகு, அதே அரசு அவரிடம் வறுமைக்கு இன்னொரு சான்று கேட்பதில் நியாயமில்லை.

அதுவரை வாசகர்கள் ஒன்றைச் செய்யலாம். உங்கள் வீட்டிலுள்ள பெரியவரின் வங்கிப் புத்தகத்தை எடுத்து, கடந்த வருட வட்டியில் எவ்வளவு பிடிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். பிடித்திருந்தால், டின் இலக்கம் இருக்கிறதா, சுயபிரகடனம் கொடுக்கப்பட்டதா என்று கேளுங்கள். சந்தேகம் இருந்தால் 1944 என்ற திணைக்களத்தின் தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து, தமிழில் பதில் கேளுங்கள். கிடைக்கும்வரை கேளுங்கள். பிடிக்கப்பட்ட அந்தச் சில ஆயிரம் ரூபாவைப் போலவே தமிழில் பதில் பெறுவதும் உங்களுக்குச் சேரவேண்டியதுதான்.