பயம் கறியில் அல்ல, கொட்டகையில் வேண்டும்

2023 நவம்பரில் ராசிபுரம் அருகே கல்லாங்குளத்துப் பண்ணையொன்றில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் உறுதியானது. நோய்ச் செய்தி வரும்போதெல்லாம் மேச்சேரிப் பக்கமும் அதே பேச்சுதான்: "கறி தின்னா மனுசனுக்கும் ஒட்டிக்கும்."

ஒட்டாது. 1921-ல் கென்யாவில் முதன்முதலாக விவரிக்கப்பட்ட நோய் இது. நூறாண்டுக்கு மேலாகியும் ஒரு மனிதருக்குக்கூடத் தொற்றியதாகப் பதிவில்லை. 2009-ல் உலகைக் கலக்கிய பன்றிக் காய்ச்சல் எச்1என்1. மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவிய ஃப்ளூ. பெயர்க் குழப்பத்தால் அந்தப் பழி இங்கே வந்து சேர்ந்தது.

"பன்றிக்கு வந்தது ஆட்டுக்கும் வரும்" என்பதும் வீண் பயம். வீட்டுப் பன்றி, காட்டுப் பன்றி தாண்டி இது போகாது. மேச்சேரிச் செம்மறிக்கு ஆபத்தில்லை.

"ஊசி போட்டாச்சு, பயமில்லை" என்பதுதான் என்னை உண்மையில் கவலைப்பட வைக்கிறது. நம் பண்ணைகளில் போடும் ஊசி, இன்னொரு வைரஸால் வரும் பழைய பன்றிக் காய்ச்சலுக்கானது. ஆப்பிரிக்க வகையை அது தடுக்காது. இதற்கென்று இந்தியாவில் தடுப்பூசி புழக்கத்தில் இல்லை, மருந்தும் இல்லை. காய்ச்சல் 105 டிகிரியைத் தாண்டும். பன்றிகள் தீவனத் தொட்டியை விட்டு விலகி ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருண்டு படுக்கும். காது மடலும் அடிவயிறும் கருஞ்சிவப்பாகக் கன்றும். கடுமையான வகையில் ஏறக்குறைய எல்லாமே செத்துப்போகும்.

"காட்டுப்பன்றிதான் கொண்டுவருது" என்பது பாதி உண்மை. 2023 தொடக்கத்தில் முதுமலையில் காட்டுப்பன்றிகள் இந்நோயால் இறந்தன. ஆனால் காடில்லாத ஊர்களுக்கு இதைச் சுமந்து போவது பெரும்பாலும் நாம்தான்: வியாபாரியின் வண்டி, சேறு அப்பிய செருப்பு, வேகவைக்காத ஓட்டல் மிச்சம். 1957-ல் லிஸ்பன் விமான நிலைய உணவுக் கழிவைத் தின்ற பன்றிகள் வழியாகத்தான் இது ஐரோப்பாவுக்குள் நுழைந்தது. உப்பிட்ட கறியிலும் உறைந்த கறியிலும் இந்த வைரஸ் மாதக்கணக்கில் உயிர்த்திருக்கும். ஓட்டல் மிச்சத்தைக் கொடுத்தே ஆகவேண்டுமென்றால், அரை மணி நேரமாவது கிளறிக் கொதிக்கவைத்து, ஆறிய பின் கொடுங்கள்.

"சொன்னா எல்லாத்தையும் கொன்னுடுவாங்க, அதுக்குள்ள வித்துடு" என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். நோய் உறுதியானால் ஒரு கிலோமீட்டர் சுற்றுவட்டாரத்தில் பன்றிகளை அழிப்பார்கள் என்பது உண்மை. ஆனால் அரசு அழிக்கும் பன்றிக்கு இழப்பீடு உண்டு. கொட்டகையில் தானாகச் செத்ததற்குக் கிடையாது. வெளியே விற்ற குட்டியோ இன்னொருவர் கொட்டகையையும் காலி செய்துவிடும். இரண்டு பன்றி தீவனம் எடுக்காமல் படுத்தாலே கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள், அல்லது 1962-க்கு அழையுங்கள்.