உப்புமாவுக்கு மார்க் கிடையாது

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு அக்கா போன் செய்தாள். ஆறு மணிக்கு வரும் போனில் நல்ல செய்தி இருந்ததாகச் சரித்திரம் இல்லை.

"டேய், பையன் ரூமை விட்டு வெளியே வந்து நாலு நாள் ஆச்சுடா. தட்டை வாசல்ல வெச்சா எடுத்துக்கறான். சாப்பிட்டுட்டு வெளியில வெச்சுடறான். ஜெயில் மாதிரி இருக்கு. யாரு கைதி, யாரு வார்டன்னுதான் தெரியலை."

அக்கா பையனுக்கு வயது பத்தொன்பது. சி.ஏ. ஃபவுண்டேஷன் பரீட்சை இரண்டாவது முறையும் கையை விட்டுப் போய்விட்டது. அடியேனும் ஒரு காலத்தில் அந்தப் பக்கம் போய், 'இன்டர்' என்கிற மதில் சுவரில் மோதி, வெறும் பி.காமோடு வீடு திரும்பியவன். ஆகவே குடும்பத்தில் தோல்வி சம்பந்தப்பட்ட கேஸ்கள் எல்லாம் என் டேபிளுக்குத்தான் வரும்.

போனேன். கதவைத் தட்டி ஐந்து நிமிஷம் கழித்துத் திறந்தான். ஜன்னல் சாத்தியிருந்தது. போன் வெளிச்சத்தில் முகம் மட்டும் நீலமாகத் தெரிந்தது.

"வாடா, ஒரு வாக் போலாம்."

"போய்?"

"சும்மாதான்."

"சும்மா இருக்கறதை இங்கேயே இருக்கலாமே மாமா."

லாஜிக் இடித்தாலும் பதில் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவனே சொன்னான். "வெளியே வந்தா எல்லாரும் 'அடுத்து என்ன'ன்னு கேக்கறாங்க. எனக்கு எதுவும் வராது மாமா. ரெண்டு தடவை டெஸ்ட் பண்ணிப் பாத்தாச்சு."

இதை அழுதுகொண்டே சொல்லியிருந்தால் தேவலை. டைம்டேபிள் படிப்பதுபோல் சொன்னான். பத்தொன்பது வயசில் கணக்கை மூடி, பேலன்ஸ் ஷீட்டில் கையெழுத்தும் போட்டுவிட்டான். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

முதலில் டாக்டரிடம் அழைத்துப் போனோம். (இதுதான் முதலில். மற்றதெல்லாம் அப்புறம்.) அவர் ஒரு மணி நேரம் பேசிவிட்டு, இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், மாசம் ஒரு தடவை வரட்டும், ரூமை விட்டு வெளியே இழுக்க ஏதாவது செய்யுங்கள் என்றார். நான், இமாசலப் பிரதேசத்தில் எட்டு நாள் மலையேற்ற முகாம் ஒன்று இருக்கிறது, அனுப்பலாம் என்றேன்.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "பதினஞ்சாயிரம் ரூபா கட்டி, கல்லும் முள்ளும் மேல டென்ட் போட்டுப் படுக்கவா? நம்ம மொட்டைமாடியில ஃப்ரீயா படுக்கலாமே?"

நியாயமான கேள்வி. காசு கொடுத்துக் கஷ்டப்படுவது என்கிற இந்த விசித்திரத்தை யார் ஆரம்பித்து வைத்தார்கள் என்று தேடினால், 1941-க்குப் போகவேண்டியிருக்கிறது.

*

இரண்டாம் உலகப் போர். அட்லாண்டிக் கடலில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் பிரிட்டிஷ் சரக்குக் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டிருந்த நேரம். 'ப்ளூ ஃபன்னல்' என்கிற லிவர்பூல் கப்பல் கம்பெனியின் லாரன்ஸ் ஹோல்ட்டை ஒரு விஷயம் உறுத்தியது. கப்பல் மூழ்கி, உயிர்காக்கும் படகில் ஏறியபிறகு, இளவட்டங்கள் சீக்கிரம் செத்துப் போனார்கள். பாய்மரக் கப்பல் காலத்துக் கிழங்கட்டைகள் பிழைத்துக் கரை சேர்ந்தார்கள். உடம்பு பலத்தில் பையன்கள்தான் மேல். 'இது முடியும்' என்கிற நம்பிக்கையில் கிழவர்கள் மேல். அந்த நம்பிக்கை, முன்னால் நாலு புயலைப் பார்த்ததில் வந்தது. இது ஹோல்ட்டின் கணிப்பு.

அவரோடு சேர்ந்துகொண்டவர் கர்ட் ஹான். 1886-ல் பெர்லினில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர், பள்ளிக்கூடம் நடத்தியவர். ஹிட்லரை எதிர்த்துப் பேசி, 1933-ல் ஜெயிலுக்குப் போனார். பிரிட்டிஷ் பிரதமர் ராம்சே மெக்டொனால்ட் தலையிட்டதும் விடுதலை கிடைத்தது. ஸ்காட்லாந்துக்கு வந்து, 1934-ல் கார்டன்ஸ்டவுன் என்று புதிதாக ஒரு பள்ளிக்கூடம் திறந்துவிட்டார். (சிலருக்கு ஜெயிலுக்குப் போய் வந்தாலும் பள்ளிக்கூடம் நடத்தும் ஆசை விடாது.)

ஹோல்ட் கம்பெனியின் ஆதரவோடு, 1941-ல் வேல்ஸ் தேசத்துக் கடற்கரை ஊரான அபர்டோவியில் அவர்கள் ஆரம்பித்த பள்ளிக்கூடத்தின் பெயர் 'அவுட்வர்ட் பவுண்ட்'. துறைமுகத்தை விட்டுக் கிளம்பும் கப்பலைச் சொல்லும் வார்த்தை அது. ஏறக்குறைய ஒரு மாதப் பயிற்சி. படகு, மலை, ஓட்டம், ஆபத்தில் இருப்பவனை மீட்பது. கப்பல் வேலைக்கு வந்த பையன்களோடு, தொழிற்சாலை அப்ரென்டிஸ்களும் பள்ளி மாணவர்களும் இருந்தார்கள். மாலுமி ஆகப்போகாதவனுக்குக் கடல் எதற்கு என்றால், அங்கேதான் சூட்சுமம். கடல் ஒரு கரும்பலகை, அவ்வளவுதான். பாடம் வேறு.

ஹான் 1974 வரை இருந்தார். இளைஞர்களிடம் ஆறு விஷயங்கள் தேய்ந்துகொண்டே வருகின்றன என்று ஒரு பட்டியல் போட்டிருக்கிறார். உடல் தகுதி, தானாக முயலும் குணம், ஞாபக சக்தியோடு கற்பனை, கைத்திறன், சுயகட்டுப்பாடு, இரக்கம். காரணங்களையும் சொன்னார். வண்டியில் போவதால் முதலாவது தேய்கிறது. வேடிக்கை மட்டுமே பார்ப்பதால் இரண்டாவது. சதா அலைபாய்வதால் மூன்றாவது. ஸ்மார்ட்போனைக் கண்ணால் பார்க்காமலேயே மனுஷன் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்.

அவரிடம் கார்டன்ஸ்டவுனில் படித்த ஒரு மாணவர், பிற்பாடு எலிசபெத் ராணியின் கணவரான ஃபிலிப். அவர் பெயரில் 1956-ல் 'எடின்பரோ கோமகன் விருது' என்று இளைஞர்களுக்கான திட்டம் துவங்கியது. அதை நடத்த முதலில் நியமிக்கப்பட்டவர் ஜான் ஹன்ட். 1953-ல் எவரெஸ்ட் சிகரத்தைத் தொட்ட குழுவின் தலைவர். அதே குழுவின் டென்சிங், 1954-ல் டார்ஜிலிங்கில் துவங்கிய நம்மூர் மலையேற்றப் பள்ளியில் களப்பயிற்சிக்கு முதல் இயக்குநர் ஆனார். உலகத்தின் உச்சியில் ஏறி இறங்கியவர்கள் அடுத்து செய்த வேலை, பையன்களுக்குக் கயிறு கட்டச் சொல்லிக்கொடுத்தது!

*

"இதெல்லாம் சரி, பிரயோஜனம் உண்டா?" என்பீர்கள்.

1997-ல் ஜான் ஹாட்டி என்கிற கல்வி ஆராய்ச்சியாளரும் அவருடைய சகாக்களும், இந்த மாதிரி முகாம்களைப் பற்றிய 96 ஆய்வுகளைச் சேர்த்துக் கூட்டிக் கழித்துப் பார்த்தார்கள். தன்னம்பிக்கை, சுயகட்டுப்பாடு போன்ற விஷயங்களில் முகாம் முடிந்ததும் முன்னேற்றம் தெரிந்தது. ஆச்சரியம் அடுத்தது: சில மாதம் கழித்து மறுபடி அளந்தபோது அது கரையவில்லை, இன்னும் கொஞ்சம் கூடியிருந்தது. வட்டி போட்டிருக்கிறது! நீண்ட முகாம்களில் பலன் அதிகம். ஆனால் எல்லா முகாமும் ஒன்றல்ல, முகாமுக்கு முகாம் பலன் நிறையவே மாறுகிறது என்றும் எழுதியிருக்கிறார்கள்.

உங்கள் ஆபீஸிலும் வருஷத்துக்கு ஒரு தடவை ஈ.சி.ஆர். ரிசார்ட்டில் 'டீம் பில்டிங்' நடக்குமே? கண்ணைக் கட்டிக்கொண்டு பின்னால் சாய்வீர்கள், சக ஊழியர் பிடிக்கவேண்டும். அப்புறம் பஃபே. திங்கட்கிழமை அதே சக ஊழியர் உங்கள் லீவ் லெட்டரில் நொட்டை சொல்வார். அங்கே பிடிக்காமல் விட்டால் மெத்தையில் விழுவீர்கள். மலையில் தண்ணீர் தூக்குகிறவன் ஏமாற்றினால் பன்னிரண்டு பேருக்கும் தாகம். வித்தியாசம் அவ்வளவுதான்.

அக்காவிடம் இதையெல்லாம் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே வார்த்தை சொன்னாள். "குரங்கணி."

வாயடைத்துப் போனேன். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். பெரும்பாலும் உங்களைப் போல, என்னைப் போல ஆபீஸுக்குப் போகிறவர்கள். அம்மாக்களின் பயத்தை ஆராய்ச்சிக் கட்டுரை காட்டி அடக்க முடியாது. உட்கார்ந்து கேள்விகள் எழுதினோம். வனத்துறை அனுமதி இருக்கிறதா? எத்தனை பேருக்கு எத்தனை வழிகாட்டி? முதலுதவி தெரிந்தவர் யார்? வானிலை மாறினால் திரும்ப முடிவு செய்வது யார்? ஒரு முகாம்காரர் "அதெல்லாம் பாத்துக்கலாம் சார்" என்றார். அவரை விட்டுவிட்டோம். இன்னொருவர் ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் பதில் அனுப்பினார். அவரிடம் பணம் கட்டினோம். (இமயம் வரை போக முடியாதவர்களுக்கு ஒரு தகவல்: தமிழ்நாடு வனத்துறையே 2024 அக்டோபரில், மலைவாழ் கிராமத்தினரை வழிகாட்டிகளாகப் பயிற்றுவித்து, 40 பாதைகளைத் திறந்துவிட்டது.)

மிச்சம் இருந்தது, பையன். கட்டாயப்படுத்தி அனுப்பினால் அதுவும் ஒரு பரீட்சை ஆகிவிடும். அவனிடமே கேட்டேன்.

"டவர் கிடைக்குமா மாமா?"

உண்மையைச் சொன்னேன். "கிடைக்காது."

"அப்ப யாரும் போன் பண்ணி 'அடுத்து என்ன'ன்னு கேக்க முடியாது?"

"முடியாது."

"போறேன்."

*

எட்டு நாளில் ஒரு சேதியும் இல்லை. அக்கா சாப்பிட்டதாக ஞாபகம் இல்லை. ரயிலிலிருந்து இறங்கியவனைப் பார்த்தபோது மூக்கு உரிந்திருந்தது, குதிகாலில் பிளாஸ்திரி. 'தன்னம்பிக்கை வந்ததா' என்று கேட்க நினைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

ஆட்டோவில் அவனாகச் சொன்னான். "ரெண்டாம் நாள் திரும்பிடலாம்னு உக்காந்துட்டேன் மாமா. நாக்பூர் பையன் ஒருத்தன், ஹிந்தியில ஏதோ சொல்லி என் பையை வாங்கிக்கிட்டான். எனக்குப் புரியலை. பேசாம பின்னாடி நடந்தேன். ஆறாம் நாள் அவனுக்குக் காய்ச்சல். அவன் பையை நான் தூக்கினேன்."

"வேற?"

"ஒரு நாள் சமையல் என் டர்ன். பன்னெண்டு பேருக்கு உப்புமா. உப்பு ரெண்டு தடவை போட்டுட்டேன். எல்லாரும் சாப்ட்டாங்க. யாரும் மார்க் போடலை. மறுநாளும் என்னையே பண்ணச் சொன்னாங்க, 'இந்தத் தடவை ஒரு தடவை போடு'ன்னு."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். நானும் அந்தப் பக்கத்து ஜன்னலுக்குத் திரும்பிக்கொண்டேன். மாமாக்களுக்கும் கண்ணில் தூசி விழும்.

இப்போது இரண்டு மாசம் ஆகிறது. மலை எல்லாவற்றையும் சரி பண்ணிவிட்டது என்று எழுதினால் அது சினிமா. டாக்டரிடம் மாசா மாசம் போகிறான். பரீட்சை மறுபடி எழுதுவதா, வேறு ஏதாவது படிப்பதா என்று முடிவாகவில்லை. சில நாள் இன்னமும் பத்து மணிக்குத்தான் எழுந்திருக்கிறான்.

போன ஞாயிறு காலை ஆறு மணிக்கு அக்காவிடமிருந்து போன். பதறிக்கொண்டு எடுத்தேன்.

"டேய், பையன் கிச்சனுக்கு வந்து, 'நீ நகரும்மா'ன்னு சொல்லி உப்புமா பண்ணிட்டிருக்கான். நாலு பேர் இருக்கற வீட்டுல பன்னெண்டு பேருக்குப் பண்றான்டா. சீக்கிரம் கிளம்பி வா. தனியா எங்களால முடியாது."