தன்னைத் தானே விசாரித்துக்கொள்ளும் அதிகாரம்

இந்த வாரத் தியானப் பகுதி: அப்போஸ்தலர் 16:35–40, ரோமர் 13:1–7



பிலிப்பி பட்டணத்துச் சிறைச்சாலையைக் குறித்து நீங்கள் பல பிரசங்கங்களைக் கேட்டிருப்பீர்கள். நள்ளிரவில் பவுலும் சீலாவும் துதித்துப் பாடியதும், பூமி அதிர்ந்து கதவுகள் திறவுண்டதும், சிறைச்சாலைக்காரன் தன் வீட்டாரோடு ஞானஸ்நானம் பெற்றதும் நமக்கு மனப்பாடம். நானும் பலமுறை அந்த இடத்தோடு பிரசங்கத்தை முடித்து ஜெபம் செய்திருக்கிறேன். ஆனால் வேதம் அங்கே முடிக்கவில்லை. பொழுது விடிந்ததும் என்ன நடந்தது என்பதையும் லூக்கா எழுதி வைத்திருக்கிறார்.

பட்டணத்து அதிகாரிகள் சேவகரை அனுப்பி, அவ்விருவரையும் விட்டுவிடும்படி சொல்கிறார்கள். நம்மில் யாராக இருந்தாலும் 'தப்பித்தோம், ஸ்தோத்திரம்' என்று நடையைக் கட்டியிருப்போம். பவுல் அசையவில்லை. விசாரணையே இல்லாமல் ஊரறிய எங்களை அடித்துச் சிறையில் போட்டவர்கள், இப்போது யாருக்கும் தெரியாமல் வெளியே அனுப்பப் பார்க்கிறார்களா, அவர்களே நேரில் வரட்டும் என்கிறார். அதிகாரிகள் பயந்துபோய் வந்து, தயவாய்ப் பேசி, அவர்களை வெளியே அழைத்துக்கொண்டு போகிறார்கள்.

ரோமருக்கு எழுதிய நிருபத்தின் பதின்மூன்றாம் அதிகாரத்தை எழுதியவரும் இதே பவுல்தான். அதிகாரங்களுக்குக் கீழ்ப்படியுங்கள் என்று போதித்தவர், அதிகாரம் சட்டத்தை மீறினபோது அதற்குக் கணக்குக் கேட்டார். கணக்குக் கேட்பது கீழ்ப்படியாமை என்று அவர் எண்ணவில்லை. பிரியமானவர்களே, நாமோ அந்த அதிகாரத்தின் முதல் வசனத்தை மட்டும் வாயடைக்கும் துணியாக்கி வைத்திருக்கிறோம். காவல்துறையைப் பற்றியோ அரசைப் பற்றியோ யாராவது கேள்வி எழுப்பினால், உடனே அந்த வசனத்தை எடுத்து நீட்டுகிறோம். அதிகாரி தேவனுடைய ஊழியக்காரன் என்று அதே பகுதி சொல்வதைக் கவனிக்கத் தவறுகிறோம். ஊழியக்காரன் என்றால் அவன் கணக்கு ஒப்புவிக்க வேண்டியவன். கணக்குக் கேட்க ஆளில்லாத இடத்தில் ஊழியக்காரன் எஜமானாகிவிடுகிறான்.

இதை எழுதத் தூர தேசத்து உதாரணம் எனக்குத் தேவையில்லை. நம்முடைய தருமபுரி மாவட்டத்திலேயே, அரூர் வட்டத்தில், சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி இருக்கிறது.

1992ஆம் ஆண்டு ஜூன் மாதம் 20ஆம் தேதி, சந்தனக் கட்டை கடத்தலைத் தேடுகிறோம் என்று சொல்லி வனத்துறையினரும் காவல்துறையினரும் வருவாய்த்துறையினரும் அந்த மலைவாழ் மக்களின் கிராமத்துக்குள் புகுந்தார்கள். மக்களை ஆலமரத்தடியில் கூட்டினார்கள், அடித்தார்கள். வீடுகளைச் சூறையாடினார்கள். குடிக்கும் கிணற்றைக்கூடப் பாழாக்கினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். அவர்களில் 13 வயதுச் சிறுமியும் உண்டு. பின்பு பெண்களும் குழந்தைகளுமாக நூற்றுக்கும் மேற்பட்டோர் கைதாகிச் சேலம் சிறைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். துன்பம் செய்தவர்கள் சீருடையில் இருந்தார்கள்; துன்பம் அனுபவித்தவர்கள் சிறையில் இருந்தார்கள்.

சந்தனக் கடத்தல் அந்நாட்களில் பொய்யல்ல. வீரப்பன் கூட்டத்தாரின் கையில் காவலரும் வனக்காவலரும் உயிரிழந்ததும் பொய்யல்ல. குற்றத்தைத் தடுக்க அரசு வரவேண்டியதுதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த நாளுக்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று அரசுத் தரப்பில் மறுத்தார்கள். குற்றம் சாட்டப்பட்ட துறைகளே உண்மையைச் சொல்ல வேண்டிய துறைகளாகவும் இருந்தன. மாவட்டத்தில் அந்தப் பெண்கள் எந்தக் கதவைத் தட்டினாலும், உள்ளே இருந்தவர்கள் கதவை உடைத்தவர்களின் மேலதிகாரிகளாகவோ சக அலுவலர்களாகவோ இருந்தார்கள்.

உண்மை வெளியிலிருந்து வர வேண்டியிருந்தது. தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்தார் அந்த ஊருக்குப் போனார்கள். மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியின் மாநிலச் செயலாளராக இருந்த அ. நல்லசிவன் நீதிமன்றத்தின் படியேறினார். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கான ஆணையத்தின் அதிகாரி பாமதி நேரில் சென்று, கண்டதை அறிக்கையாக எழுதினார். 1995இல் உயர்நீதிமன்றம் வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்தது. அதன் பின்பே 269 பேர் மீது குற்றம் சுமத்தப்பட்டது: வனத்துறையினர் 155 பேர், காவல்துறையினர் 108 பேர், வருவாய்த்துறையினர் 6 பேர்.

2011 செப்டம்பர் 29ஆம் தேதி தருமபுரி மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அன்று உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. அவர்களில் 17 பேர் பாலியல் வன்கொடுமைக் குற்றவாளிகள். மற்ற 54 பேர் தீர்ப்புக்கு முன்பே இறந்துபோயிருந்தார்கள். மேல்முறையீட்டில், நீதிபதி பி. வேல்முருகன் தாமே வாச்சாத்திக்குச் சென்று பார்த்தார். 2023 செப்டம்பர் 29ஆம் தேதி தண்டனைகளை உறுதி செய்தார். பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும், இறந்திருந்தால் அவர்களுடைய குடும்பத்தாருக்கும், தலா 10 லட்சம் ரூபாய் வழங்கக் கட்டளையிட்டார். அத்தோடு நிற்கவில்லை. சம்பவம் நடந்த காலத்தில் மாவட்ட ஆட்சியராகவும், காவல் கண்காணிப்பாளராகவும், மாவட்ட வன அலுவலராகவும் இருந்தவர்கள் மீது நடவடிக்கை எடுக்கும்படியும் அரசுக்குச் சொன்னார்.

இந்தக் கடைசிக் கட்டளையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்று நான் சொல்லவேண்டிய காரியம் இதிலிருந்துதான் தொடங்குகிறது.

2006 செப்டம்பர் 22ஆம் தேதி, பிரகாஷ் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் ஏழு கட்டளைகளைக் கொடுத்தது. அவற்றில் ஒன்று, காவல்துறைமீது வரும் புகார்களை விசாரிக்க மாநிலத்திலும் ஒவ்வொரு மாவட்டத்திலும் ஓர் ஆணையம் அமைக்க வேண்டும் என்பது. காவலில் மரணம், கொடுங்காயம், பாலியல் வன்கொடுமை, மிரட்டிப் பணம் பறித்தல், நிலத்தையும் வீட்டையும் அபகரித்தல் போன்ற புகார்களுக்காக அது ஏற்பட்டது. மாவட்ட ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தலைவராக இருக்க வேண்டும்; மாநில ஆணையத்துக்கு உயர்நீதிமன்ற அல்லது உச்சநீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி தலைவராக இருக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. காரணம் வெளிப்படையானது: விசாரிக்கிறவர் விசாரிக்கப்படுகிறவரின் கட்டுக்குள் இருக்கக்கூடாது.

நம்முடைய மாநிலம் என்ன செய்தது? 2013இல் தமிழ்நாடு காவல்துறைச் சீர்திருத்தச் சட்டத்தை இயற்றியது. அந்தச் சட்டம் மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலாளரைத் தலைவராக்கி, காவல்துறைத் தலைமை இயக்குநரை உறுப்பினராக்கியது. மாவட்ட ஆணையத்துக்கு மாவட்ட ஆட்சியரைத் தலைவராக்கி, காவல் கண்காணிப்பாளரை உறுப்பினராக்கியது.

இப்போது வாச்சாத்தித் தீர்ப்பை அருகில் வைத்துப் பாருங்கள். யார்மீது நடவடிக்கை எடுக்க உயர்நீதிமன்றம் சொன்னதோ, அதே இரண்டு நாற்காலிகளைத்தான் அந்தச் சட்டம் விசாரணை ஆணையமாக்கி வைத்தது. இந்த ஏற்பாடு 1992இல் இருந்திருந்தால், வாச்சாத்தியின் பெண்கள் தங்கள் புகாரை யாரிடம் கொடுத்திருப்பார்கள்? இன்று அந்த நாற்காலிகளில் இருக்கிறவர்கள் நல்லவர்களாக இருக்கலாம். இருக்க வேண்டும் என்று நாம் ஞாயிறுதோறும் ஜெபிக்கிறோம். ஆனால் ஒரு மனிதரின் நற்குணத்தின்மேல் மட்டும் நீதியைக் கட்டுவது மணலின்மேல் வீடு கட்டுவதாகும். மனிதனின் பாவத்தைக் குறித்து இவ்வளவு போதிக்கிற நாம், சீருடைக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் அந்தப் பாவம் நுழையாது என்று எப்படி நம்புகிறோம்?

'இப்படிக் கண்காணித்தால் காவலரின் மனவுறுதி கெட்டுப்போகும்' என்பார்கள் சிலர். நம் சபைகளிலும் காவலர் குடும்பங்கள் உண்டு. அவர்களுடைய உழைப்பையும் உறக்கமில்லாத இரவுகளையும் நான் அறிவேன். ஆகவே அவர்களுக்காகவே இதைச் சொல்கிறேன். 2020 ஜூன் மாதத்தில் சாத்தான்குளத்தில் ஒரு தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு மாண்டபோது, அந்த இரவில் நடந்ததை நீதித்துறை நடுவரிடம் சாட்சியாகச் சொன்னவர் அதே நிலையத்தில் பணியாற்றிய ஒரு பெண் தலைமைக் காவலர். தடயங்கள் அழிக்கப்படாதபடி, உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்தக் காவல் நிலையத்தையே சில நாட்கள் வருவாய்த்துறையின் கட்டுப்பாட்டில் வைக்க வேண்டியதாயிற்று. வெளியிலிருந்து ஒரு கை நீளாவிட்டால் அந்தச் சகோதரியின் கதி என்னவாகியிருக்கும்? சுதந்திரமான கண்காணிப்பு நேர்மையான காவலருக்குப் பகையல்ல. உண்மையைச் சொல்ல விரும்பும் காவலருக்கு இருக்கிற ஒரே பாதுகாப்பு அதுதான்.

'கடைசியில் நீதி கிடைத்ததே' என்பார்கள் வேறு சிலர். கிடைத்தது, தேவனுக்கு ஸ்தோத்திரம். ஆனால் மேல்முறையீடு முடிய 31 ஆண்டுகள் ஆயின. அன்று 13 வயதாயிருந்த சிறுமிக்கு அப்போது 44 வயது. அநீதியுள்ள நியாயாதிபதியை ஓயாமல் நாடிப்போன விதவையின் உவமையை ஆண்டவர் சொன்னது, நாம் சோர்ந்துபோகாமல் ஜெபிப்பதற்காக. நியாயாதிபதிகள் அப்படியே இருந்துவிடட்டும் என்பதற்காக அல்ல.

'இதெல்லாம் அரசியல், ஐயா, சபைக்கு எதற்கு?' என்று கேட்கிறவர்களுக்கு உபாகமம் 21ஆம் அதிகாரத்தைக் காட்டுகிறேன். வயல்வெளியில் ஒருவன் கொலையுண்டு கிடந்து, கொன்றவன் யாரென்று தெரியாவிட்டால், மூப்பர்கள் புறப்பட்டுவந்து சுற்றிலுமுள்ள ஊர்களின் தூரத்தை அளக்க வேண்டும். எந்த ஊர் கிட்டத்தில் இருக்கிறதோ, அந்த ஊரின் மூப்பர்கள் வந்து தேவனுக்கு முன்பாக நிற்க வேண்டும். 'நாங்கள் செய்யவில்லை' என்பதை வீட்டிலிருந்தபடி சொல்ல அவர்களுக்கு அனுமதியில்லை; பள்ளத்தாக்குக்கு நடந்துபோய்ச் சொல்ல வேண்டும். வாச்சாத்திக்குக் கிட்டத்தில் இருப்பவர்கள் நாம். அளந்து பார்த்தால், அரூரிலும் தருமபுரியிலும் ஆலயமணி அடிக்கிற நாம்தான். அந்த மூப்பர்களைப் போல நம்மில் எத்தனை பேர் நடந்துபோனோம்? இந்தக் கேள்வியை உங்களிடம் கேட்குமுன் என்னிடமே கேட்டுக்கொண்டேன். என்னிடம் நல்ல பதில் இல்லை.

ஆகவே பிரியமானவர்களே, இந்த வாரம் ஜெபத்தோடு மூன்று காரியங்களையும் செய்வோம்.

முதலாவது, சட்டம் உங்களுக்குக் கொடுத்திருப்பதை அறிந்துகொள்ளுங்கள். கைது செய்கிறவர் கைதுக் குறிப்பு எழுதி, சாட்சியின் கையொப்பம் பெற்று, உறவினருக்குத் தெரிவிக்க வேண்டும். காவலில் இருப்பவரை 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவர் பரிசோதிக்க வேண்டும். இது 1996இல் டி.கே. பாசு வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னது. 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர்முன் கொண்டுவர வேண்டும் என்பது அரசியலமைப்பின் 22ஆம் பிரிவு. எல்லாக் காவல் நிலையங்களிலும் கண்காணிப்புக் கேமரா இருக்க வேண்டும், பதிவுகளை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது 2020 டிசம்பரில் உச்சநீதிமன்றம் இட்ட கட்டளை. இவற்றை வாலிபர் கூட்டத்திலும் பெண்கள் ஐக்கியத்திலும் வாசியுங்கள்.

இரண்டாவது, காவல் நிலையத்துக்கு அழைக்கப்படுகிற ஏழையைத் தனியே அனுப்பாதேயுங்கள். அவன் நம் சபையான் அல்ல என்று சொல்லாதேயுங்கள். மலையிலிருந்து இறங்கி வருகிறவனோடு இரண்டு பேர் கூடப் போய் வெளியே நின்றாலே, உள்ளே பேசும் குரல் மாறும்.

மூன்றாவது, உங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கு எழுதுங்கள். 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் புகார் ஆணையத்தைப் பற்றிய பகுதியைத் திருத்தி, உச்சநீதிமன்றம் சொன்னபடி ஓய்வுபெற்ற நீதிபதிகளைத் தலைவர்களாக்கும்படி கேளுங்கள். கட்சி எதுவானாலும் கேளுங்கள். கட்சிகள் மாறினாலும் நாற்காலிகளின் ஏற்பாடு அப்படியே நிற்கிறது என்பதையும் எழுதுங்கள்.

பிலிப்பியின் அதிகாரிகள் அந்தக் காலையில் நேரில் நடந்து வந்தார்கள், ஏனென்றால் ஒருவர் சிறையிலிருந்து வெளியே போக மறுத்தார். பவுல் அந்த ஊரைவிட்டுப் போய்விடுவார். ஆனால் லீதியாளும் சிறைச்சாலைக்காரனும் புதிய விசுவாசிகளும் அங்கேதான் வாழ வேண்டும். தனக்குப் பின்னால் அந்த ஊரில் இருக்கப்போகிறவர்களின் முதுகிலும் பிரம்படி விழாதபடி அவர் அங்கே நின்றார் என்றே நான் எண்ணுகிறேன்.

பரலோகத் தகப்பனே, எங்கள் மாவட்டத்தின் காவலர்களையும் அதிகாரிகளையும் ஆசீர்வதியும். அவர்களை நேர்மையில் காத்துக்கொள்ளும். வாச்சாத்தியின் தாய்மாரைத் தேற்றும். அவர்களுக்குக் கிட்டத்தில் இருந்தும் நடந்துபோகாத எங்களை மன்னித்து, இனியாவது நடக்கச் செய்யும். இயேசுவின் நாமத்தில் வேண்டிக்கொள்கிறோம். ஆமென்.